ஒரு கோலில் நழுவும் ஆட்டம்: பெரம்பூர் ரசிகரின் கோபமும் பெனால்டி கார்னர் கணக்கும்

2025 ஜூன் 7 முதல் 22 வரை இந்திய ஆண்கள் ஹாக்கி அணி ஐரோப்பாவில் எட்டு ஆட்டம் ஆடியது. முதல் ஏழும் தோல்வி. நெதர்லாந்திடம் 1-2, 2-3. அர்ஜென்டினாவிடம் 3-4, 1-2. ஆஸ்திரேலியாவிடம் 2-3, 2-3. பெல்ஜியத்திடம் 3-6. எட்டாவது ஆட்டத்தில் அதே பெல்ஜியத்தை 4-3 என்று வீழ்த்திய பிறகுதான் மூச்சு வந்தது. ப்ரோ லீக் என்ற சர்வதேசத் தொடரின் ஆட்டங்கள் இவை; அதன் ஒன்பது அணிகளில் எட்டாவது இடம். இன்னும் ஒரு படி சறுக்கியிருந்தால் லீக்கை விட்டே வெளியே. பெண்கள் அணிக்கு அந்தக் கதிதான் நேர்ந்தது: அதே சீசனில் ஒன்பதாவதாக முடித்து, கீழ்த்தட்டான நேஷன்ஸ் கோப்பைக்கு இறங்கியது.

வடசென்னையின் பெரம்பூர், ஐ.சி.எஃப். காலனி, அயனாவரம், வில்லிவாக்கம் பக்கத்தில் இதை லேசில் விடமாட்டார்கள். வியாசர்பாடிக்குக் கால்பந்து எப்படியோ, இந்தப் பக்கத்துக்கு ஹாக்கி அப்படி. ரயில்வே பட்டறைகள், 1955-இல் திறந்த ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலை, ரயில்வே ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள், மட்டை பிடித்ததால் கிடைத்த அரசு வேலை எல்லாம் சேர்ந்து வளர்த்த பழக்கம் இது. பார்ப்பவர்களில் ஒரு காலத்தில் ஆடியவர்கள் நிறைய. அதனால் திட்டும்போதும் ஆட்டக்காரன் மாதிரியே திட்டுவார்கள்.

அந்தத் திட்டுகளைப் பிரித்தால் நாலு வகை தேறும். "கோச்சைத் தூக்குப்பா." "கடைசி அஞ்சு நிமிசம் அவனுங்களுக்கு மூச்சே இல்ல." "அம்பயர் கவுத்துட்டான்." நாலாவது: "பி.சி. (பெனால்டி கார்னர்) கெடச்சி இன்னா பிரயோஜனம், கோல் வருதா?" இந்த நாலில் கடைசி ஒன்றுதான் நோய்க்குப் பக்கத்தில் கை வைக்கிறது. மற்ற மூன்றில் கோபம் நியாயம், குறி தப்பு.

மேலே உள்ள ஸ்கோர்களை இன்னொரு முறை பாருங்கள். ஏழு தோல்வியில் ஆறு ஒற்றைக் கோல் வித்தியாசம். எல்லா இடத்திலும் ஓட்டையாக இருக்கிற அணி உலகின் முதல் வரிசை அணிகளிடம் ஆறு முறை ஒரு கோலில் தோற்காது. நாலு, ஐந்து என்று வாங்கும். இரண்டு, மூன்று குறிப்பிட்ட இடங்களில் மட்டும் பின்தங்கிய அணிதான் இப்படித் தோற்கும்.

கடைசி நிமிடத்தின் பழைய கணக்கு

இந்த வலி 2025-இல் தொடங்கியது அல்ல. 2014 ஹேக் உலகக் கோப்பையில் பெல்ஜியத்திடம் 2-2 என்று நின்ற ஆட்டம், முடிய 15 நொடி இருக்கையில் 2-3 ஆனது. அடுத்து இங்கிலாந்தும் கடைசி நிமிடங்களில்தான் 2-1 ஆக்கியது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஜெர்மனி வெற்றிக் கோல் போட்டபோது மிச்சம் இருந்தது 3 நொடி. 2018 காமன்வெல்த் போட்டியில் பாகிஸ்தான் கடைசி நொடி பெனால்டி கார்னரில் 2-2 ஆக்கியது. அதே ஆண்டு ஜகார்த்தா ஆசியப் போட்டியில் லீக் சுற்றில் மட்டும் 76 கோல் போட்ட அணி, அரையிறுதியில் மலேசியாவை 2-1 என்று பிடித்து வைத்திருந்தது. 59-ஆவது நிமிடம் சமன், ஷூட்அவுட்டில் 6-7.

இதைப் பார்த்துவிட்டு மூச்சு இல்லை என்று சொல்வது இயல்பு. ஆனால் இன்றைய ஹாக்கியில் மூச்சுக் கணக்கு வேறு. ஆட்டம் 15 நிமிடம் வீதம் நாலு கால்பகுதி. ஆளை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், ஆட்டத்தை நிறுத்தாமலே மாற்றலாம். 11 பேர் உள்ளே, மாற்று ஆட்டக்காரர்கள் பெஞ்சில். முன்வரிசை ஆட்டக்காரர் மூன்று, நாலு நிமிடம் முழு வேகத்தில் ஓடிவிட்டு உட்காருவார், திரும்ப வருவார். அறுபது நிமிடமும் உள்ளே இருப்பவர் கோல்கீப்பர். அதற்கடுத்து அதிக நேரம் நிற்பவர்கள் பின்வரிசையில் இரண்டொருவர். களைப்பு கால்களைவிட இவர்களுடைய முடிவெடுப்பைத்தான் முதலில் கெடுக்கும். எந்தப் பந்தைத் தூக்கி அடிப்பது, எதைப் பக்கவாட்டில் கொடுத்து நேரத்தைக் கரைப்பது என்பதில் அரை நொடி தாமதம் போதும்.

ஒரு கோல் முன்னிலையில் இருக்கும்போது நடப்பதைக் கவனித்தால் புரியும். அணி மெல்லப் பின்னால் இறங்குகிறது. முன்வரிசை நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து நிற்கிறது. எதிரணி முழு மைதான அழுத்தம் கொடுக்கிறது; அதாவது நம் பின்வரிசை பந்தை வெளியே எடுக்கக்கூடிய நாலு வழியில் மூன்றை அடைத்து, நாலாவதை வேண்டுமென்றே திறந்து வைக்கிறது. அந்த வழியில் பந்து போனதும் இரண்டு பேர் பாய்கிறார்கள். நம் 23 மீட்டர் கோட்டுக்குள் பந்து பறிபோகிறது. அங்கிருந்து 'டி'க்குள், அதாவது கோலைச் சுற்றிய வளையத்துக்குள், நுழைய ஒரு பாஸ் போதும். நுழைந்தவன் கோலைக்கூடப் பார்ப்பதில்லை. கூட்டத்தில் யாராவது ஒருவர் காலைத் தேடி மெல்லத் தள்ளுகிறான். காலில் பட்டால் பி.சி.

தடுப்பாட்டத்தில் பத்து பேர் நெருக்கி நிற்பது பாதுகாப்பாகத் தெரியும். ஆனால் 'டி'க்குள் பத்து பேர் என்றால் இருபது கால். வளையத்துக்குள் எத்தனை முறை எதிராளி வருகிறான் என்பதைக் குறைப்பதுதான் உண்மையான தடுப்பு. வந்தபின் மறிப்பது இரண்டாம் பட்சம். பின்னால் இறங்கி உட்காரும் பழக்கத்தின் விலை இங்கேதான் தெரியும். ஹூட்டர் ஊதினாலும் கொடுத்த பி.சி. முடியும்வரை ஆட்டம் நீளும் என்பது விதி. நேரத்தை ஓட்டித் தப்பிக்க வழி கிடையாது.

ஒன்றரை நொடியில் நாலு வேலை

பெனால்டி கார்னரில் ஃப்ளிக் அடிப்பவர் பெயர்தான் எல்லார் வாயிலும் வரும். வேலை மூன்று பேருடையது.

கோல் கம்பத்திலிருந்து 10 மீட்டர் தள்ளி, பின்கோட்டில் பந்தை வைத்து ஒருவர் புஷ் செய்கிறார். அவருடைய ஒரு காலாவது மைதானத்துக்கு வெளியே இருக்க வேண்டும். 'டி'யின் உச்சிக்கு வெளியே ஒருவர் மட்டையைத் தரையோடு படுக்க வைத்துப் பந்தை நிறுத்துகிறார். பந்து வளையத்தைத் தாண்டி வெளியே போன பிறகுதான் கோல் அடிக்க முடியும். வளையத்தின் ஆரம் 14.63 மீட்டர். நிறுத்திய பந்தை ஃப்ளிக்கர் மட்டையில் கோர்த்து, உள்ளே இழுத்து, வீசுகிறார். புஷ் கிளம்பியது முதல் ஃப்ளிக் விடுபடுவது வரை ஏறத்தாழ ஒன்றரை நொடி. எதிரில் கோல்கீப்பரையும் சேர்த்து ஐந்து பேர். மற்றவர்கள் நடுக்கோட்டுக்கு அப்பால்.

இதில் கெடுவது பெரும்பாலும் முதல் இரண்டு வேலைகள். புஷ் தரையோடு ஒட்டி வர வேண்டும். ஒரு சின்னத் துள்ளல் போதும், படுத்திருக்கும் மட்டைக்கு மேல் ஏறிவிடும். வேகம் சற்றே குறைந்தால், அந்த இடைவெளியில் எதிரணியின் முதல் ரஷ்ஷர் (வீச்சை மறிக்க ஓடிவருபவர்) இரண்டு அடி கூடுதலாக வந்திருப்பார். நிறுத்துபவர் பந்தை வைக்க வேண்டிய இடம் முன்பே பேசி வைத்தது. ஃப்ளிக்கர் பந்து நிற்கும் முன்பே கால் எடுத்துவிடுகிறார். பந்து ஒரு சாண் தள்ளி நின்றால் அவருடைய இடது கால் தப்பான இடத்தில் விழும். இடுப்புச் சுழற்சி பாதியில் நின்றுவிடும். அந்த ஃப்ளிக் கீப்பரின் பேடுக்கு நேராகப் போகும். மேலே இருந்து பார்ப்பவர் 'ஃப்ளிக்கருக்கு ஃபார்ம் போச்சு' என்பார். ரீப்ளேயில் பந்து நின்ற இடத்தைப் பார்த்தால் குற்றவாளி வேறு ஆள் என்பது தெரியும்.

கோலை நோக்கிய முதல் முயற்சி ஓங்கி அடித்த அடியாக இருந்தால், கோலின் அடியில் 460 மில்லிமீட்டர் உயரமுள்ள பலகைக்கு மேல் போகக்கூடாது. ஃப்ளிக்குக்கு அந்தத் தடை இல்லை. அதனால்தான் உலகமே டிராக் ஃப்ளிக்குக்கு மாறியது. 3.66 மீட்டர் அகலம், 2.14 மீட்டர் உயரம் கொண்ட கோலில் மூலைகளைக் குறி வைக்கலாம். இதெல்லாம் சரியாக அமைந்தால்கூட நாலுக்கு ஒன்று விழுந்தால் நல்ல வரவு என்பதுதான் பயிற்சியாளர்களின் பொதுவான கணக்கு. பத்துக்கு எட்டு வரும் என்று எதிர்பார்த்து டீக்கடையில் போனை மேசைமேல் அடிப்பவருக்கு இதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் நாலுக்கு ஒன்றுகூட வராத நாட்கள் உண்டு. அங்கேதான் இந்திய அணியின் உண்மையான பலவீனம் இருக்கிறது: ஒரே ஆளை நம்புவது. பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியா போட்ட கோல்கள் 15. அதில் முதன்மை ஃப்ளிக்கர் ஹர்மன்பிரீத் சிங் போட்டவை 10. பெருமைதான். எதிரணியின் வீடியோ பார்ப்பவருக்கோ அதுதான் வேலைத்திட்டம். ஹர்மன்பிரீத்தின் காலடி, தோள், அவர் விரும்பும் மூலை எல்லாம் அவர்களிடம் இருக்கிறது. முதல் ரஷ்ஷர் ஒரு கோணத்தை உடம்பால் அடைத்துக்கொண்டே ஓடுவார். மிச்சக் கோணத்தைக் கீப்பரும் கம்பத்தில் நிற்பவரும் பங்கு போட்டுக்கொள்வார்கள். அரையிறுதியில் ஜெர்மனிக்கு எதிராகப் பத்துக்கு மேற்பட்ட பி.சி. கிடைத்தும் 2-3 தோல்வி. அன்று 36-ஆவது நிமிடத்தில் சுக்ஜீத் சிங் போட்ட கோலைத் தனியாகப் பார்க்க வேண்டும்: ஹர்மன்பிரீத் வீசியதைப் பாதியில் திசை திருப்பி உள்ளே விட்டார். அந்த மாதிரி மாற்று வழிகள் இன்னும் இரண்டு கைவசம் இருந்திருந்தால் ஆட்டம் வேறு.

பல ரசிகர்களைக் குழப்பும் ஒரு விதியும் இங்கே குறுக்கே நிற்கிறது. பி.சி. கொடுத்த நொடியிலிருந்து அது முடியும்வரை ஆள் மாற்றக்கூடாது. தடுக்கும் அணியின் கீப்பர் காயம்பட்டாலோ அட்டை வாங்கினாலோ மட்டும் விலக்கு. 'அவனை எறக்குப்பா' என்று கத்துவது வீண். முதன்மை ஃப்ளிக்கர் அந்த நேரம் பெஞ்சில் இருந்தால் இருந்ததுதான். ஆகவே எந்த நிமிடத்திலும் இரண்டு ஃப்ளிக்கர்களில் ஒருவராவது உள்ளே இருக்கும்படி சுழற்சி போட வேண்டும். அதற்கு முதலில் நம்பத் தகுந்த இரண்டாவது ஃப்ளிக்கர் வேண்டும். 2025 ஜூனில் சில ஆட்டங்களுக்கு ஹர்மன்பிரீத் விரல் காயத்தால் இல்லை. அந்த வெற்றிடம் எவ்வளவு பெரியது என்பது அப்போது வெளிச்சமானது.

கைதட்டல் கிடைக்காத ஆள்

பி.சி.யைத் தடுக்கும் பக்கமும் இதே அளவு முக்கியம். அதைப் பற்றித்தான் பேச்சே இருக்காது. முதல் ரஷ்ஷர் முகக்கவசம், முழங்கால் கவசம், கையுறை போட்டுக்கொண்டு, மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டி வரக்கூடிய பந்தை நோக்கி நேராக ஓடுபவர். பந்து 156 முதல் 163 கிராம், கெட்டியான பிளாஸ்டிக். அவர் எடுக்கும் முதல் இரண்டு அடிதான் விஷயம். புஷ்ஷுக்கு முன்பே கோட்டைத் தாண்டினால் அவரை நடுக்கோட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், பதில் ஆள் கிடையாது. ஐந்து பேர் வேலையை நாலு பேர் பார்க்க வேண்டும். கால் நொடி தாமதித்தால் ஃப்ளிக்கர் நிம்மதியாக வீசுவார்.

ஐந்து மீட்டருக்குள் ஓடிவரும் தடுப்பாளருக்கு முழங்காலுக்குக் கீழே பட்டால் இன்னொரு பி.சி. முழங்காலிலோ அதற்கு மேலோ, இயல்பாக நிற்கும் உடம்பில் பட்டால், வீச்சு ஆபத்தானது என்று தடுப்பு அணிக்கு ஃப்ரீ ஹிட். மட்டையால் ஆட முயலாமல் உடம்பைக் கொடுத்து ஓடினால் அதற்கும் பி.சி. 'அம்பயர் கவுத்துட்டான்' என்ற கூச்சல்களில் பாதி இந்த மூன்றையும் கலந்துகொள்வதால் வருவது. மீதிப் பாதிக்கு வீடியோ ரெஃபரல் இருக்கிறது. ஆனால் அணிக்கு ஒன்றுதான், தப்பாகக் கேட்டால் போய்விடும். முதல் கால்பகுதியில் ஆவேசத்தில் கேட்டுத் தொலைத்துவிட்டு, 58-ஆவது நிமிடத்தில் கையைப் பிசைகிற காட்சி நிறையப் பார்த்தாயிற்று. அது அம்பயர் குற்றம் இல்லை.

இந்திய அணியில் பல ஆண்டுகளாக அந்த முதல் ரஷ்ஷர் அமித் ரோஹிதாஸ். பாரிஸ் காலிறுதியில் பிரிட்டனுக்கு எதிராக இரண்டாம் கால்பகுதியின் தொடக்கத்திலேயே அவருக்குச் சிவப்பு அட்டை. மிச்ச நேரம் முழுக்கப் பத்து பேரோடு 1-1 என்று காத்து, ஷூட்அவுட்டில் 4-2 என்று வென்றது அண்மைக்கால இந்திய ஹாக்கியின் மிகச் சிறந்த தடுப்பாட்டம் என்றே சொல்லலாம். விலை இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. தடையால் அவர் அரையிறுதியில் ஆட முடியவில்லை. ஜெர்மனியின் முதல் கோல் பி.சி.யில் விழுந்தது, அடித்தவர் கொன்சாலோ பெய்யாத், உலகின் தலைசிறந்த ஃப்ளிக்கர்களில் ஒருவர். ரோஹிதாஸ் இருந்தால் தடுத்திருப்பார் என்று சத்தியம் செய்ய முடியாது. அவர் இல்லாதது அந்த இடத்தில்தான் உறுத்தியது என்று சொல்லலாம்.

அட்டைகளின் கணக்கு எளிது. பச்சைக்கு 2 நிமிடம், மஞ்சளுக்கு 5 அல்லது 10, சிவப்புக்கு ஆள் திரும்ப வரமாட்டார். கடைசிக் கால்பகுதியில் தேவையில்லாத ஒரு மஞ்சள், அந்தப் பதினைந்து நிமிடத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பத்து பேரோடு ஓட வைக்கும். அந்த நேரத்தில் ஆள் சுழற்சித் திட்டமும் கலைந்துபோகும்.

கோச்சை மாற்றினால்?

2009 முதல் 2019 வரை ஹோசே பிராசா, மைக்கேல் நாப்ஸ், டெர்ரி வால்ஷ், பால் வான் ஆஸ், ரோலன்ட் ஓல்ட்மன்ஸ், ஷோர்ட் மரீனே, ஹரேந்திர சிங் என்று ஏழு பேர் வந்து போனார்கள். அந்தக் காலத்தில்தான் 2012 லண்டனில் பன்னிரண்டு அணியில் பன்னிரண்டாவது இடமும், மேலே சொன்ன கடைசி நிமிட விபத்துகள் அத்தனையும். கிரஹாம் ரீட் 2019-இல் வந்து கிட்டத்தட்ட நாலு ஆண்டு இருந்தார். 41 ஆண்டு கழித்து ஒலிம்பிக் பதக்கம் டோக்கியோவில் வந்தது. 1980 மாஸ்கோவில் வி. பாஸ்கரன் தலைமையில் வாங்கிய தங்கத்துக்கு அடுத்த பதக்கம் அது. 2023-இல் பொறுப்பேற்ற கிரெய்க் ஃபுல்டனின் கீழ் பாரிஸிலும் வெண்கலம். ஆளை விட்டு வைத்த காலத்தில்தான் பலன் தெரிந்திருக்கிறது. தூக்கச் சொல்லும் கூட்டம் இந்தப் பட்டியலைக் கொஞ்சம் பார்த்துவிட்டுத் தூக்கச் சொல்லலாம்.

ரீட் விலகியது 2023 உலகக் கோப்பைக்குப் பின். அந்தத் தோல்வியை எல்லாரும் நியூசிலாந்து ஷூட்அவுட்டாக நினைவில் வைத்திருக்கிறார்கள்: 3-1 என்று முன்னே இருந்து 3-3 ஆகி, ஷூட்அவுட்டில் 4-5. உண்மையில் அந்த ஆட்டத்தையே ஆடியிருக்க வேண்டியதில்லை. லீக்கில் இந்தியாவும் இங்கிலாந்தும் தலா 7 புள்ளி. இங்கிலாந்து வேல்ஸை 5-0, ஸ்பெயினை 4-0 என்று வென்று கோல் வித்தியாசம் 9. இந்தியா ஸ்பெயினை 2-0, வேல்ஸை 4-2, வித்தியாசம் 4. முதலிடம் பிடித்தால் நேராகக் காலிறுதி. இரண்டாமிடம் என்பதால் இடைச்சுற்று. பலமில்லாத வேல்ஸிடம் இரண்டு கோல் வாங்கி, நாலே நாலு போட்ட அன்றே பாதை வளைந்துவிட்டது.  

ஆசியாவில் புலி, வெளியே?

2025 ஜூனில் ஏழு தோல்வி; செப்டம்பரில் ராஜ்கீரில் கொரியாவை 4-1 என்று வீழ்த்தி ஆசியக் கோப்பை, அதோடு 2026 உலகக் கோப்பைக்கு நேரடி இடம். மூன்று மாதத்தில் அணி மாறிவிட்டதா? இல்லை. ஆசிய அணிகளில் பல, தப்பை உடனே தண்டிக்கும் வேகத்தில் பந்தைத் திருப்புவதில்லை. 23 மீட்டருக்குள் பறிகொடுத்த பந்து அங்கே சும்மா போகும், நெதர்லாந்தின் ஆம்ஸ்டெல்வீனில் கோலாகும்.

எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் இந்தப் பாடம் ஏற்கெனவே ஒருமுறை நடந்தது. 2007 செப்டம்பர் 9 அன்று ஆசியக் கோப்பை இறுதியில் கொரியாவுக்கு எதிராக 7-2. கேலரி ஆடித் தீர்த்தது. சரியாக ஆறு மாதம் கழித்து, 2008 மார்ச் 9 அன்று சிலியின் சாண்டியாகோவில் பிரிட்டனிடம் 0-2. எண்பது ஆண்டில் முதல் முறையாக ஒலிம்பிக்கில் இந்திய ஹாக்கி இல்லை. 2023 ஆகஸ்டில் அதே எழும்பூரில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை இறுதி: மலேசியாவிடம் 1-3 என்று பின்தங்கி, 4-3 என்று திருப்பிய ஆட்டம். அந்த மகிழ்ச்சி உண்மை. அதை வைத்து ஐரோப்பாவை அளந்ததுதான் தப்பு.

மூத்த ரசிகர்களின் குறை இன்னொரு வகை: "டாட்ஜ் போச்சு, மூணு பேரை வெட்டிட்டுப் போறவன் எவனும் இல்ல." 1976 மான்ட்ரியலில் ஒலிம்பிக் ஹாக்கி முதல் முறையாகச் செயற்கைத் தளத்துக்குப் போனது, இந்தியா ஏழாவது. தொண்ணூறுகளில் ஆஃப்சைடு விதியும் போயிற்று. பந்து மனிதனைவிட வேகமாக ஓடுகிற தளத்தில், எதிர்க் கோலருகே ஒருவர் எப்போதும் நிற்கலாம் என்ற நிலையில், மூன்று பேரை வெட்டுகிற நேரத்தில் இரண்டு பாஸில் வேலை முடிந்துவிடும். வெட்டுகிறவன் பந்தை இழந்தால் பின்னால் திறந்த மைதானம். கலை போனதற்கு வருத்தப்படலாம். அதைத் திரும்பக் கொண்டுவந்தால் அணி ஜெயிக்கும் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள முடியாது.

நம்ம பக்கத்து ஆள் ஏன் இல்லை

கோபத்துக்கு அடியில் வடசென்னைக்கே உரிய ஒரு வருத்தம் ஓடுகிறது. 1968, 1972 ஒலிம்பிக்குகளில் ஆடிய கிருஷ்ணமூர்த்தி பெருமாள், 1968-இல் முனீர் சேட், 1975 உலகக் கோப்பை வென்ற அணியில் வி.ஜே. பிலிப்ஸ், 1980-இல் கேப்டன் பாஸ்கரன் என்று மெட்ராஸ் பெயர்கள் பட்டியலில் இருந்த காலம் உண்டு. 2004 ஏதென்ஸில் ஆடிய ஆடம் சின்கிளேருக்குப் பிறகு தமிழ்நாட்டுக்காரர் யாரும் ஒலிம்பிக் ஆண்கள் அணியில் ஆடவில்லை. அரியலூரின் கார்த்தி செல்வமும் கோவில்பட்டியின் மாரீஸ்வரன் சக்திவேலும் இந்தியச் சட்டை போட்டார்கள். அங்கேயும் பெரம்பூர் இல்லை. ஹாக்கி இந்தியா லீக்கில் தமிழ்நாடு டிராகன்ஸ் வந்தபோது ஆசை துளிர்த்தது. 2024-25 சீசனில் அந்த அணி ஆடியதோ ரூர்கேலா பக்கம்.

காரணம் திறமை வற்றியது அல்ல, தரை. இங்கே பிள்ளைகள் பழகுவது பெரும்பாலும் சரளை மண்ணில். மண்ணில் பந்து துள்ளும். அதனால் நிமிர்ந்து நின்று, உடம்பைப் பின்னால் கொடுத்து, மட்டையை நெட்டாகப் பிடித்து வாங்கக் கற்றுக்கொள்கிறார்கள். டர்ஃபில் (செயற்கைத் தளத்தில்) இடுப்பைத் தாழ்த்தி, மட்டையை அகலமாகப் படுக்க வைத்து, ஓடிக்கொண்டே வாங்க வேண்டும். பதினாலு, பதினைந்து வயதுவரை ஊறிய பழக்கத்தை அதன்பின் உடைக்க இரண்டு வருடம் பிடிக்கும். தேர்வு முகாம் அதற்குள் முடிந்துவிடும். காம்போசிட் மட்டையின் அடிப்பகுதி சரளையில் உரசி நார் நாராகப் பிரியும். ஆகவே நல்ல மட்டையை வீட்டில் வைத்துவிட்டுத் தேய்ந்ததை எடுத்துக்கொண்டு பயிற்சிக்கு வருகிற பையன்களே அதிகம்.

டிராக் ஃப்ளிக் மண்ணில் வராது. இழுப்பதற்குப் பந்தும் மட்டையும் தரையோடு ஒட்டி இரண்டு மீட்டர் வழுக்க வேண்டும். ஒரு கல் போதும், பந்து மட்டையை விட்டுத் துள்ளிவிடும். வலது கால் பின்னால் குறுக்கே விழும்போது மண் சறுக்கினால் முழங்காலுக்கும் முதுகுக்கும் கேடு. அணி தவிக்கிற இரண்டாவது ஃப்ளிக்கர் இந்தப் பக்கத்திலிருந்து முளைக்காததற்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

ஒரு முறையான பி.சி. பயிற்சிக்கு என்ன வேண்டும் என்று எழுதிப் பார்த்தால் சிக்கல் துலங்கும். புஷ் செய்ய ஒருவர், நிறுத்த ஒருவர், ஃப்ளிக்கர் இருவர், முழுக் கவசத்தோடு கீப்பர், ரஷ்ஷர் நாலு பேர்; ஆக ஒன்பது பேர். ஒரே எடையுள்ள பந்து குறைந்தது இருபது. பாதி மைதானம், முக்கால் மணி நேரம். முதல் பதினைந்து நிமிடம் ஃப்ளிக்கே கிடையாது, புஷ்ஷும் நிறுத்தலும் மட்டும், குறித்த புள்ளியில் பந்து பத்துக்கு ஒன்பது முறை நிற்கும்வரை. பிறகு ரஷ்ஷர் இல்லாமல் நாலு மூலைக்கும் வீச்சு. கடைசியில் ரஷ்ஷரோடு, மூச்சு வாங்க ஓடிவிட்டு வந்து வீசுவது. ஆட்டத்தில் அப்படித்தான் வீச வேண்டியிருக்கும். ஃப்ளிக்கரின் கீழ்முதுகு தாங்க வேண்டும் என்பதால் ஒரு நாளில் முழுவேக வீச்சு முப்பது, நாற்பதைத் தாண்டவிடுவதில்லை. ஆகவே ஒரே நாளில் நாலு மணி நேரம் கிடைப்பதைவிட, வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் அந்த முக்கால் மணி கிடைப்பதே உதவும். துறை அணிகள், கல்லூரிகள், அகாடமிகள் எல்லாம் ஒரே டர்ஃபில் நேரம் வாங்கிக்கொண்டு நிற்கும்போது, வில்லிவாக்கத்துப் பள்ளி அணி ஒன்றுக்கு எழும்பூரில் கிடைப்பது ஆட்ட நாளுக்கு முந்தைய ஒரு மணி நேரம். அந்த நேரத்தில் யாரும் புஷ் பயிற்சி செய்வதில்லை. பிராக்டிஸ் மேட்ச் ஆடிவிட்டு வருவார்கள்.